இருபதுகளில் வலியோடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 22 வயதில் கீழ்முதுகு வலி தொடங்கியது. அதற்கு ஒரு பெயர் கிடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. இப்போது வயது 34. மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளிலும், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வரும் தொலைபேசி அழைப்புகளிலும், புதிதாக நோயில் அகப்பட்ட இளைஞர்கள் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்களின் தொனி மாறாமல் விட்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. நோயாளியாக இருப்பதில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவன், அவ்வளவுதான். மருந்து விஷயத்தில் எதையும் மாற்றுவதற்கு முன்பு உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இரண்டு மாதமாக முதுகு வலிக்கிறது. இது நாட்பட்ட வலியா, இன்னும் பொறுத்துப் பார்க்க வேண்டுமா?

கணக்குப்படி மூன்று மாதம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியையும், விட்டுவிட்டுத் திரும்ப வரும் வலியையும் நாட்பட்ட வலி என்கிறார்கள். சாதாரணக் காயம் என்றால் அதற்குள் ஆறியிருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கின் பின்னால் இருக்கும் எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வலி வேறொரு நோயின் அறிகுறியாக இருக்கலாம், தானே ஒரு நோயாகவும் இருக்கலாம் என்பதை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் அல்லது மலத்தை அடக்க முடியாமல் போவது, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போவது, கால் திடீரென்று வலுவிழப்பது, இடி இறங்கியதுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, நெஞ்சுவலி ஆகியவை வந்தால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணம் தெரியாமல் எடை குறைந்தாலோ காய்ச்சல் விடாமல் இருந்தாலோ அந்த வாரத்துக்குள் காட்டுங்கள்.

2. ஸ்கேனில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். அப்படியானால் என் வலி பொய்யா?

பொய் இல்லை. ஸ்கேன் உடம்பின் வடிவத்தைத்தான் படம் பிடிக்கிறது. வலியைப் படம் பிடிக்கும் கருவி இன்னும் வரவில்லை. இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் முதுகெலும்பு ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் வெளியானது. வலியே அறியாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புத் தட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். படத்தில் கோளாறு தெரிந்தும் வலிக்காமல் இருக்கலாம் என்றால், படம் சுத்தமாக இருந்தும் வலிப்பதில் என்ன ஆச்சரியம்?

சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியது. திசு சேதமடைந்திருந்தாலும், சேதமடையும் நிலையில் இருந்தாலும், சேதமடைந்ததைப்போல் மட்டும் தோன்றினாலும், உணர்வது வலிதான் என்பது அதன் சாரம். ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் குறிப்பில் சேர்த்தார்கள். காயமோ நரம்புச் சேதமோ தெளிவாகத் தெரியாமல், வலியை உணர்த்தும் அமைப்பே மாறிப்போவதால் வரும் வலிக்கு 2017இல் நோசிபிளாஸ்டிக் வலி என்று பெயரும் வைத்தாயிற்று. திருடன் ஓடிப்போன பிறகும் காற்று அசைந்தாலே குரைக்கும் காவல் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே திருடன் இல்லைதான். ஆனால் குரைப்பு நிஜம், அதைக் கேட்டுத் தூக்கம் கெடுவதும் நிஜம்.

3. "எல்லாம் மனம்தான் காரணம்" என்றார் மருத்துவர். நான் கற்பனை செய்துகொள்கிறேன் என்கிறாரா?

அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, தெரியாது. ஆனால் "மனம்தான் காரணம்" என்பதும் "மனத்துக்கும் பங்குண்டு" என்பதும் ஒன்றல்ல. 1965இல் வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்த கோட்பாட்டின்படி, தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரியான அமைப்பு இருக்கிறது. கீழிருந்து வரும் வலிச் செய்தியை அது எவ்வளவு மேலே விடுவது என்பதில் மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைக்கும் கை உண்டு. நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்திருக்கிறது. பயம், தூக்கமின்மை, தனிமை எல்லாம் அந்தக் கதவை அகலத் திறக்கின்றன. இது எலும்பு முறிந்தவருக்கும் பொருந்தும். அவரை யாரும் கற்பனைக்காரர் என்பதில்லை.

எனவே மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பைப் பரிசோதிக்காமலே அனுப்பினால் மட்டும் கோபப்படுங்கள்.

4. இந்த வயதில் உனக்கென்ன வலி என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். இளம் வயதில் இதெல்லாம் வருமா?

இளம் வயதில்தான் வருகிறது என்று சொல்லும்படியான நோய்களே நிறைய இருக்கின்றன. எனக்கு வந்த முதுகெலும்பு அழற்சி பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களைப் பிடிக்கிறது. குடல் அழற்சி நோய்களான குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவது சாதாரணம். ஒற்றைத் தலைவலி பள்ளிப் பருவத்திலேயே வந்துவிடும். கருப்பையின் உள்வரியைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் உலகில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. "மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்ற ஒரே வாக்கியத்தால் அவர்களில் பலருக்கு நோயின் பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஆகின்றன. மாதாமாதம் வகுப்புக்கோ வேலைக்கோ போக முடியாமல் சுருட்டிப்போடும் வலியைச் சாதாரணம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

5. மருத்துவரிடம் என்ன சொன்னால் நம்புவார்?

நம்பவைக்கப் போகாதீர்கள். அவர் கண்டுபிடிக்க உதவும் தகவலைக் கொண்டுபோங்கள். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஐந்து ஆண்டுகள் ஆயின. முதலில் பார்த்த மருத்துவரிடம் "தாங்க முடியவில்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டார். ஐந்தாம் ஆண்டில் ஒருவர் எவ்வளவு வலிக்கிறது என்று கேட்கவில்லை, எப்போது வலிக்கிறது என்று கேட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும், எழுந்த பிறகு ஒரு மணி நேரம் குனிய முடியாது, நடந்தால் குறையும், படுத்தால் கூடும் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சுளுக்கோ தசைப்பிடிப்போ என்றால் பொதுவாக ஓய்வில் குறையும். அழற்சியால் வரும் முதுகுவலி ஓய்வில் கூடி அசைவில் குறையும்; காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது அந்தப் பதிலிலிருந்துதான். அதே பதிலை முதல் நாளே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை நோய் வந்த பிறகுதான் கவனித்தேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிசைதல், இழுத்தல், தெறித்தல், மதமதப்பு. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டு, மரத்துப்போதல் என்றால் மருத்துவர் நரம்பைச் சந்தேகிப்பார். விண்விண் என்று நாடித் துடிப்போடு தெறிக்கும் தலைவலி என்றால் ஒற்றைத் தலைவலியை நினைப்பார். அலை அலையாக முறுக்கிப் பிசைந்தால் குடல் போன்ற உள்ளுறுப்பு. மேலே சொன்ன மெல்சாக்கே 1975இல் வலிச் சொற்களைத் திரட்டி ஒரு வினாத்தாள் தயாரித்தார். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. "ரொம்ப வலி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல் உங்கள் வலிக்குப் பொருந்தும் சொல்லைத் தேடி எடுத்துச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எதனால் கூடியது, எதனால் குறைந்தது, அன்று அதனால் எதைச் செய்ய முடியவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "பத்துக்கு ஒன்பது" என்பதைவிட "சட்டைப் பொத்தான் போட இருபது நிமிடம் ஆகிறது" என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு போய், யாரும் புரட்டிப் பார்க்காமல் திரும்பி வந்திருக்கிறேன்.

6. இத்தனை மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிட மாட்டேனா?

எல்லா மாத்திரையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. என் நோய்க்கோ, மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோயான முடக்குவாதத்துக்கோ கொடுக்கும் அழற்சி அடக்கும் மருந்துகளுக்கு அடிமையாவது என்ற பேச்சே இல்லை; அவற்றை நிறுத்தினால் நோய் ஏறும், அவ்வளவுதான். ஸ்டீராய்டு வேறு கதை. சில வாரங்களுக்கு மேல் எடுத்தால் உடம்பு தானே அதைச் சுரப்பதைக் குறைத்துவிடும். ஆகவே சட்டென்று நிறுத்துவது ஆபத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். மார்ஃபின், டிராமடால் போன்ற ஓபியாய்டு வகைகளில்தான் பழக்கமாகும் அபாயம் உண்மையில் இருக்கிறது. நாளாக ஆக அதே அளவு போதாமல் போகும், சிலருக்கு வலியுணர்வே கூடவும் செய்யும்.

யாரும் பயப்படாத மாத்திரைகளிலும் கண் வையுங்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும் என்பதால் கணக்குத் தவறுவது எளிது. தவறினால் கல்லீரல் கெடும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை மாதக்கணக்கில் சொந்தமாக வாங்கி விழுங்கினால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு. தலைவலிக்காரர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: சாதாரண வலி நிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் அல்லது ஓபியாய்டு வகையை 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். தலைவலிக்கு மாத்திரை, மாத்திரைக்குத் தலைவலி என்று செக்கு சுற்றும்.

மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: மூட்டு நோய்களுக்கு அது வாரத்துக்கு ஒரு முறை. தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. எந்தக் கிழமை என்பதை மாத்திரை டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள்.

7. வலிக்குப் போனேன், மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

அநேகமாக இல்லை. அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்றவை முதலில் மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள்தான். ஆனால் நான் மூன்றாம் கேள்வியில் சொன்ன கதவை மூட அவை உதவுகின்றன, மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும்கூட. வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் அளவு பொதுவாக மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவு. பலன் தெரியச் சில வாரம் ஆகும்; அதற்குள் வாய் உலர்வதும் பகல் தூக்கமும் வந்து, "இது வேண்டாம்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். சொல்லாமல் நிறுத்தாதீர்கள். எதற்காக எழுதினார் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

8. நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடுகிறேன். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

நாளைய உடம்பிடம் கடன் வாங்குகிறீர்கள். அது கந்துவட்டிக்காரன், முதலைவிட வட்டியைப் பெரிதாக வாங்கிக்கொள்வான். நாட்பட்ட நோயுள்ள ஏறக்குறைய எல்லோரும் இந்தச் சுழலில் மாட்டியிருக்கிறோம். நல்ல நாளில் துள்ளிக் குதிப்பது, கெட்ட நாளில் விழுவது, விழுந்ததற்கு ஈடுகட்ட அடுத்த நல்ல நாளில் இன்னும் அதிகம் குதிப்பது.

வெளியேற வழி கொஞ்சம் சலிப்பூட்டும். எந்தச் செயலையும் வலி வந்த பிறகு நிறுத்தாமல், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். கெட்ட நாளில் பத்து நிமிடம், நல்ல நாளில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து படிக்க முடிகிறது என்று வையுங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள், நல்ல நாளிலும் பன்னிரண்டுதான். எழுந்து நடந்துவிட்டு மறுபடி உட்காருங்கள். ஒரு வாரம் நிலைத்தால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். இதில் கடினமானது கெட்ட நாள் அல்ல. நல்ல நாளில், முடியும் என்று தெரிந்தே, பாதியில் எழுந்திருப்பதுதான் கடினம். நான் இன்னும் பாதி நாள் தோற்கிறேன்.

லூபஸ் நோயுள்ள கிறிஸ்டின் மிசெராண்டினோ என்ற அமெரிக்கப் பெண், தன் நாள் எப்படிப் போகிறது என்று கேட்ட தோழியின் கையில் ஒரு பிடி கரண்டிகளைக் கொடுத்து, குளித்தால் ஒன்று, உடை மாற்றினால் ஒன்று என்று திரும்ப வாங்கிக்கொண்டே போனதை 2003இல் எழுதினார். அதிலிருந்துதான் பலர் "இன்று கரண்டி தீர்ந்துவிட்டது" என்று பேசுகிறார்கள். எனக்குக் கரண்டி ஒட்டவில்லை, வட்டிக்கடன்தான் ஒட்டியது. உங்கள் வீட்டாருக்கு எது புரியுமோ அதைச் சொல்லுங்கள்.

9. ஒருவர் நடக்கச் சொல்கிறார், ஒருவர் படுக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நோயைப் பொறுத்தது. முதுகுவலி, மூட்டு நோய், உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா போன்றவற்றில் அசைவே மருந்து. படுத்தே கிடந்தால் தசை இளைத்து வலி கூடும். வலித்தால் உள்ளே ஏதோ கிழிகிறது என்று பயப்பட வேண்டியதில்லை. பழகாத உடம்பு முதலில் முனகத்தான் செய்யும். எட்டாம் பதிலில் சொன்ன நிமிடக் கணக்கை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ் எனப்படும் நாட்பட்ட களைப்பு நோயில், சிறு உழைப்புக்குக்கூட ஒன்றிரண்டு நாள் கழித்து உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும். கோவிட்டுக்குப் பிறகு நீடிக்கும் தொல்லையிலும் சிலருக்கு இப்படி நேர்கிறது. இவர்களைப் படிப்படியாக உடற்பயிற்சி கூட்டச் சொல்வது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தப் பரிந்துரையை நீக்கிவிட்டது. நடந்த அன்று நன்றாக இருந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ சரிவது உங்களுக்கு வழக்கம் என்றால், வைராக்கியத்தோடு தொடராதீர்கள். அந்தச் சரிவையே முதல் அறிகுறியாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10. வலியால் தூக்கமில்லை, தூக்கமில்லாததால் வலி. எங்கே தொடங்குவது?

தூக்கத்தில் தொடங்குங்கள். சரியாகத் தூங்காதவர்களுக்கு மறுநாள் வலி தாங்கும் அளவு குறைகிறது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்துவிடுவது, பகலில் நீண்ட நேரம் தூங்காதிருப்பது ஆகிய மூன்றும்தான் எனக்கு உதவின. போதவில்லை என்றால், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று கேளுங்கள்; தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சை அது. தூக்க மாத்திரைக்கு முன்பு முயல வேண்டியது அதுதான்.

11. "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். நம் முன்னோர் இதற்கு மேல் எதுவும் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் இருபதுகளின் பலத்தில் பாதியை நிரூபிப்பதில் செலவழித்தேன். சிரித்தால் வலியில்லை என்று நினைப்பார்களோ என்று சிரிப்பைக்கூட அளந்தேன். மருத்துவருக்குத் தகவல் வேண்டும், மேலதிகாரிக்குச் சில சமயம் சான்று வேண்டும். மற்றவர்களுக்கு நீங்கள் எதையும் நிரூபிக்கக் கடமைப்படவில்லை. "உள்ளே அப்படி இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். நெருங்கியவர் என்றால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கூட அழைத்துப் போங்கள். நாம் நூறு முறை சொன்னது ஏறாத காதில், அதையே மருத்துவர் ஒரு முறை சொன்னால் ஏறிவிடுகிறது. எரிச்சலான உண்மை, ஆனால் பயனுள்ளது.

12. 25 வயதாகிறது. அம்மா இன்னும் மாத்திரை எண்ணுகிறார், அப்பா நான் எங்கே போனாலும் பின்னால் வருகிறார். எப்படிச் சொல்வது?

அவர்கள் பயப்படுகிறார்கள், பயத்துக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். "என்னை விடுங்கள்" என்றால் இன்னும் இறுகப் பிடிப்பார்கள். வேலையைப் பிரித்துக் கொடுங்கள். மாத்திரை, மருத்துவரிடம் பேசுவது இரண்டும் உங்களுடையவை. கோப்புகளை அடுக்கி வைப்பது அப்பாவுடையதாக இருக்கட்டும். நாளுக்கு பத்து முறை "எப்படி இருக்கிறது" என்று அம்மா கேட்பதற்கு, நாங்கள் மூன்று சொற்களில் உடன்பாடு செய்துகொண்டோம். காலையில் நானே வெயில், மூட்டம், மழை என்று ஒரு சொல் சொல்லிவிடுவேன். மழை என்றால் மட்டும் அம்மா கேள்வி கேட்கலாம். முதல் மாதம் மூட்டத்துக்கும் கேட்டார். பிறகு பழகிவிட்டது.

13. வேலைக்கான நேர்காணலில் சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் வேலை கிடைக்காது, சொல்லாவிட்டால் ஏமாற்றியதாகிவிடும்.

பொதுவாக நேர்காணலில் நோயைத் தானாகச் சொல்லக் கட்டாயம் இல்லை. அந்த வேலையில் உங்கள் நோயால் பிறருக்கு ஆபத்து வரக்கூடும் என்றால் மட்டும் அது வேறு விஷயம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாததால் ஏமாற்றினீர்கள் என்று ஆகாது. உங்கள் வேலையைச் செய்கிறீர்களா என்பதுதான் ஒப்பந்தம்.

உதவி தேவைப்படும்போது சொல்லுங்கள், நோயின் சரித்திரத்தை அல்ல, தேவையை. "எனக்கு முதுகெலும்பில் அழற்சி, மிகவும் கஷ்டப்படுகிறேன்" என்றால் அனுதாபம் கிடைக்கும். "ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்க வேண்டும், காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கி மாலையில் ஈடுகட்டுகிறேன்" என்றால் ஏற்பாடு கிடைக்கும். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நீண்டகாலக் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலையில் நியாயமான வசதி செய்து கொடுப்பதை உரிமை என்கிறது. பெரும்பாலான நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.

14. காதலிக்கிறேன். எப்போது சொல்வது? சொன்னால் போய்விடுவாரோ?

போகிறவர் பிறகு போவதைவிட இப்போதே போவது மேல் என்று சொல்வது எளிது. உங்கள் இடத்தில் இருந்து நானும் நடுங்கியிருக்கிறேன். முதல் சந்திப்பில் மருத்துவக் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்து எதிர்காலத்தைத் திட்டமிடும் பேச்சு வரும் முன் சொல்லிவிட வேண்டும். மறைத்துத் திருமணம் செய்வது, நோயைவிடப் பெரிய விரிசலை உண்டாக்கும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டாமல், மூன்று விஷயம் போதும்: நோயின் பெயர், அது ஒரு சாதாரண வாரத்தை எப்படி மாற்றுகிறது, அவரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள். நெருக்கத்தின்போது வலிக்குமோ என்ற பயம் இருந்தால் அதையும் வெளிப்படையாகப் பேசுங்கள், மருத்துவரிடமும்தான். இதைக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று விழுங்கிய கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான்.

15. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? என் நோய் அதற்கும் வருமா?

பெரும்பாலான நோய்களில் பெற்றுக்கொள்ளலாம், திட்டமிட்டு. நோயைவிட மருந்துகளில்தான் கவனம் வேண்டும். மெத்தோட்ரெக்சேட், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வால்புரோயேட் போன்றவை கருவைப் பாதிப்பவை. கருவுற்ற பிறகு யோசித்தால் தாமதம். சிலவற்றைப் பல மாதங்களுக்கு முன்பே மாற்ற வேண்டும். லூபஸ் உள்ளவர்களுக்கு நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்த பிறகு கருவுறும்படி சொல்கிறார்கள். முடக்குவாதம் கர்ப்பகாலத்தில் பலருக்குத் தணிந்து, பிரசவத்துக்குப் பின் சீறும். அந்த மாதங்களுக்கு ஆள் துணையை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

பரம்பரைக் கேள்விக்கு நோய்க்கு நோய் விடை வேறு. என் நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு பிள்ளைக்குப் போக வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. வந்தாலும், நான் தொலைத்த ஐந்து ஆண்டுகளை என் பிள்ளை தொலைக்காது, அடையாளம் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறேன்.

16. ஒரே பொடியில் குணமாகிவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். முயன்று பார்த்தால் என்ன?

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெயரில்லாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டோ வலி நிவாரணியோ கலந்திருந்தது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். அதை நிறுத்தும்போது என்ன ஆகும் என்பதை ஆறாம் பதிலில் சொல்லியிருக்கிறேன். இருக்கும் மருந்தை நிறுத்தச் சொன்னால், மொத்தப் பணத்தையும் முன்பே கேட்டால், எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உறவினரிடம் சண்டை வேண்டாம். "டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பது எல்லா வாயையும் அடைக்கும்.

17. சில நாள் வலியே இல்லை. அப்போது, இத்தனை நாள் நடித்தேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, பேச்சு முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று கேட்கிறார்கள். எனக்கும் வந்தது. ஊரெல்லாம் "நிஜமா?" என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் கேட்கும் வேலையை நாமே எடுத்துக்கொள்கிறோம். ஏறி இறங்குவது இந்த நோய்களின் இயல்பு. என் நோயிலும், லூபஸிலும், குடல் அழற்சியிலும் சீறும் காலமும் அடங்கும் காலமும் மாறி மாறி வரும். மழை நின்ற நாளில் குடையைப் பார்த்து, மழையே பெய்யவில்லை என்று யாரும் முடிவுசெய்வதில்லை.

இதற்கு ஒரு கைவைத்தியம் சொல்கிறேன். ஐந்தாம் பதிலில் சொன்ன குறிப்பை மருத்துவரிடம் காட்டிய பிறகு தூக்கிப் போடாதீர்கள். சந்தேகம் வரும் நாளில் எடுத்துப் படியுங்கள். உங்கள் கையெழுத்து, உங்கள் தேதி. என்னுடையதில் ஒரு நாள் "காலுறை போட முடியவில்லை. வெறுங்காலோடு செருப்பில் போனேன்" என்று மட்டும் இருக்கிறது. அதை நடிப்பாக எழுதியிருக்க எனக்கு என்ன அவசியம்?

18. இப்படியே இன்னும் நாற்பது ஆண்டா என்று நினைத்தால், செத்துவிடலாம் போல் இருக்கிறது.

அந்த எண்ணம் வந்தால் அதை இன்றே, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போடத் தொடங்கியிருந்தால் தனியாக இருக்காதீர்கள். உடனே உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது யாரையாவது அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை டப்பாக்களை வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்து வையுங்கள். நீண்டகால வலியில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். யாரும் அதிர்ச்சியடைய மாட்டார்கள். மனச்சோர்வு தனியாக வைத்தியம் செய்யக்கூடியது. அது குறைந்தால் அதே வலியைத் தூக்கும் தோளும் வேறாகிவிடும்.

நாற்பது ஆண்டுகளைப் பற்றி: 24 வயதில் நானும் அந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டேன். அன்றைய ஒரு நாள் வலியை ஆயிரக்கணக்கான நாட்களால் பெருக்கினேன். கணக்கே தப்பு. எனக்குப் பொருந்திய மருந்து அப்போதே இருந்தது, அது எனக்குத்தான் என்று மட்டும் அன்று தெரியாது.

19. உங்களுக்கு இப்போது முழுக்கக் குணமாகிவிட்டதா?

இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்கிறேன். காலை விறைப்பு ஒரு மணி நேரத்திலிருந்து கால் மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. கழுத்தை முழுதாகத் திருப்ப முடியாது, பக்கத்தில் நடப்பவரிடம் பேச உடம்போடு திரும்புகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை சீறுகிறது. வேலைக்குப் போகிறேன், தாமதமாகத் தொடங்கி.

இந்தப் பக்கத்தை நாளுக்கு இருபது நிமிடம் என்று வைத்து ஏழு வாரத்தில் எழுதினேன். நேற்று மட்டும், முடிந்துவிடப் போகிறதே என்ற ஆசையில், இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பதிலைப் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல அம்மாதான் எழுதுகிறார். காலையில் மழை என்று சொல்லியிருந்தேன்.